தெளியும் என்று காத்திருத்தல்

‘காலையில் தெளிந்துவிடும்.’ குடித்துவிட்டுச் சுருண்டு கிடப்பவரைப் பார்த்துத் தமிழ்க் குடும்பங்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இது. பெரும்பாலான இரவுகளில் அது பலிக்கவும் செய்கிறது. பலிக்காத சில இரவுகளில் அதே ஆறுதல் ஓர் உயிரைப் பறித்துவிடுகிறது. குடியின் மறுநாளைப் பற்றித் தமிழில் பேசுவோர் மோரிலிருந்தும் எலுமிச்சையிலிருந்தும் தொடங்குகின்றனர். தொடங்க வேண்டிய இடம் ‘தெளிதல்’ என்னும் இந்தச் சொல்லே.

இதைச் சிந்திக்கக் கோபிநத்தம் பொருத்தமான ஊர். காவிரிக்கரைக் காட்டில், ஒகேனக்கலுக்கு அருகே, கர்நாடக எல்லைக்குள் அமைந்த தமிழ் பேசும் சிற்றூர் அது. வெளியுலகம் அவ்வூரை வீரப்பன் பிறந்த ஊராக மட்டுமே அறியும். அதன் நிர்வாக வரலாறு வேறொரு கதையைச் சொல்கிறது. ஊரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரிப் பிரிவினையின்போது மைசூர் மாநிலத்திற்குச் சென்றது. நெடுங்காலம் மைசூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1997இல் புதிய சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது.

மாவட்டப் பெயர் மாறியதுபோலவே மதுச் சட்டமும் மாறியது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் இன்றைய தருமபுரி அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது அந்த மாவட்டத்தில்தான். 1948இல் அது மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. பின்னர் தமிழ்நாடு 1971இல் விலக்கைத் தளர்த்தியது, 1974இல் மீட்டது, 1981இல் மறுபடியும் கைவிட்டது. 2003 முதல் அரசே சில்லறை விற்பனையையும் நடத்துகிறது. கர்நாடகமோ 2007 ஜூலை 1 முதல் சாராயத்தைத் தடை செய்து, சீமைச் சரக்கு எனப்படும் வகையை மட்டும் அனுமதித்தது. ஒரே வீட்டின் மூன்று தலைமுறைகள் இத்தனை சட்டங்களுக்குக் கீழே, அல்லது அவற்றுக்குப் பக்கத்தில், வாழ்ந்திருக்கின்றன. எல்லையின் இருபுறமும் மாறாமல் இருந்தது, மறுநாளைப் பற்றிய பேச்சு.

அந்தப் பேச்சை மொழியியல் நோக்கில் பார்த்தால் இரண்டு உருவகங்கள் தென்படுகின்றன. முதலாவது வானமும் நீரும். போதைக்குப் பேச்சுவழக்கில் ‘மப்பு’ என்று பெயர். அது மேகமூட்டத்தையும் குறிக்கும் சொல். மப்பு கலையும், கலங்கிய நீர் தெளியும். இரண்டாவது ஏற்றமும் இறக்கமும். போதை ‘ஏறும்’, பிறகு ‘இறங்கும்’. இரண்டு உருவகங்களும் ஒரே வரைகோட்டைத்தான் வரைகின்றன: இயல்புநிலையிலிருந்து மேலே போய், தானாகவே இயல்புநிலைக்குத் திரும்புதல். இறங்கிய பின்னர் தொடங்கும் துன்பத்துக்கு அந்த வரைகோட்டில் இடமில்லை.

பிற மொழிகள் அந்த இடத்தைப் பெயரிட்டு வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘ஹேங்ஓவர்’ மிச்சமாய்த் தொங்கி நிற்பதைக் குறிக்கும். ஸ்பானிய மொழி கரையிலிருந்து பின்வாங்கும் அலையின் இழுப்பைச் சொல்கிறது. பிரெஞ்சு வாயைக் கட்டையாக்குகிறது. ஜப்பானியம் அதை இரண்டாம் நாள் போதை என்கிறது. ரஷ்ய மொழியில் மறுநாள் துன்பம் தீரக் குடிப்பதற்கென்றே தனி வினைச்சொல் உண்டு. தமிழில் தலைபாரம், வாய்க்கசப்பு, வயிற்றுப் புரட்டல் என உறுப்பு உறுப்பாகச் சொற்கள் உள்ளன. முழுமைக்கும் பேச்சில் நிலைத்த ஒரு பெயர் இல்லை. திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையின் இறுதிக் குறள் குடியின் விளைவைச் ‘சோர்வு’ என்று சுட்டுகிறது. அச்சொல் இப்பொருளில் பேச்சுக்கு வந்து சேரவில்லை. படித்தவர்கள் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டனர்; மற்றவர்கள் ‘இன்னும் தெளியவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டனர்.

உடலோ இந்த உருவகத்துக்குக் கட்டுப்படுவதில்லை. கணக்கு எளிது. இந்தியாவில் விற்கும் பிராந்தி, ரம் போன்றவற்றின் வழக்கமான செறிவு 42.8 விழுக்காடு. ‘குவார்ட்டர்’ எனப்படும் 180 மி.லி. புட்டியில் அதன்படி 77 மி.லி. தூய ஆல்ககால், எடையில் ஏறத்தாழ 61 கிராம், இருக்கிறது. சராசரி வளர்ந்த மனிதரின் கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். ஒரு குவார்ட்டர் முழுதும் வெளியேற 6 முதல் 9 மணி நேரம். இரண்டு குவார்ட்டருக்கு 12 முதல் 17 மணி நேரம். இரவு பத்து மணிக்கு இரண்டு குவார்ட்டரை முடித்தவர் காலை எட்டு மணிக்கு இருசக்கர வண்டியில் ஏறும்போது ‘தெளிந்தவர்’ அல்லர். 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. என்னும் சட்ட வரம்பை அவர் அப்போதும் தாண்டியிருக்கவே வாய்ப்பு மிகுதி.

இரத்தத்தில் ஆல்ககால் சுழியை நெருங்கும் நேரத்தில்தான் மறுநாள் சோர்வு உச்சம் அடைகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்னும் இயக்குநீரை ஆல்ககால் அடக்கியதால் நீரிழப்பு நேர்ந்திருக்கும். உறக்கம் துண்டுபட்டிருக்கும். இரைப்பைச் சுவர் புண்பட்டிருக்கும். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு அழற்சியைக் கிளப்பியிருக்கும். ஆல்ககால் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடுக்கும் பங்கிருக்கலாம். இத்தனை காரணங்கள் கூடி நிகழும் ஒன்றை ஒற்றைப் பானம் நீக்கிவிடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

வைத்தியங்களின் நிலையும் அதுவே. 2005இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு, மறுநாள் சோர்வைத் தடுக்கவோ தீர்க்கவோ நம்பத்தக்க சான்றுடைய மருந்து எதுவும் இல்லை என்று முடித்தது. 2022இல் 21 சோதனைகளை மறுபடி அலசிய இன்னோர் ஆய்வும், சான்றுகளின் தரம் மிகத் தாழ்ந்தது என்றது. காப்பி விழிப்பைத் தரும், கல்லீரலை விரைவுபடுத்தாது. மோர், இளநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆகியவை தாகத்தையும் நீரிழப்பையும் ஆற்றும். அந்த அளவுக்கு நல்லவை. கஞ்சியும் உறக்கமும் உதவும். தலைவலிக்கு பாரசிட்டமாலைக் கைநிறைய விழுங்குவது, தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரலுக்கு ஆபத்து. வலிநீக்கிகளில் வேறு சில ஏற்கெனவே புண்பட்ட இரைப்பையில் குருதிக்கசிவை உண்டாக்கலாம்.

ஆகவே தடுப்பு என்பது குடிக்கும் முன்னரே முடிந்துவிடுகிற செயல். குடிக்காதிருத்தல் முழுமையான தடுப்பு. குடிப்பவர் அளவைக் குறைப்பது, வெறும் வயிற்றில் தொடங்காதிருப்பது, இடையிடையே நீர் அருந்துவது, விரைந்து விழுங்காதிருப்பது ஆகியவை பகுதித் தடுப்புகள். கோபிநத்தம் போன்ற ஊரில் நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு இந்த அறிவுரையில் எது எளிது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மாலையில் பசித்த வயிற்றோடு, கையிலிருக்கும் பணத்துக்கு, விரைவாக ஏறுவதை நாடுபவருக்கு மெதுவாகக் குடியுங்கள் என்பது வேறொரு வகுப்பின் மொழி. விடுதி மாணவருக்கு மறுநாள் சோர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமையின் நகைச்சுவை. கூலித் தொழிலாளிக்கு அது ஒரு நாள் சம்பளம்.

அந்தச் சம்பளத்தைக் காப்பாற்றத்தான் காலைக் குடி வருகிறது. கர்நாடகத்தில் 90 மி.லி. அட்டைப் பொட்டலங்கள் சட்டப்படி விற்கின்றன. தமிழ்நாட்டில் அந்த அளவு கிடைக்காததால் இருவர் ஒரு குவார்ட்டரைப் பகிர்ந்துகொள்ளும் ‘கட்டிங்’ என்னும் வழக்கமும் சொல்லும் பிறந்தன. 90 மி.லி. பொட்டலத்தை அறிமுகப்படுத்துவது பற்றித் தமிழ்நாட்டில் 2023இல் எழுந்த விவாதம் விலையையும் சுற்றுச்சூழலையும் சுற்றியே பெரிதும் நடந்தது. காலைக் குடி எதைக் காட்டுகிறது என்னும் கேள்வி ஓரத்தில் நின்றது. ஜான் யூயிங் 1984இல் வெளியிட்ட நான்கு கேள்விகள் கொண்ட சோதனையில், நரம்பை நிலைப்படுத்தக் காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா என்பது ஒரு கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் பட்டியலிலும் அது இடம்பெறுகிறது. காலைக் குடியால் நடுக்கம் நிற்கிறது என்றால் அது மறுநாள் சோர்வு தீர்ந்ததற்கு அடையாளம் அன்று. உடல் மதுவைச் சார்ந்துவிட்டதற்கு அடையாளம்.

இங்கேதான் ‘தெளியவில்லை’ என்னும் ஒற்றைத்தொடர் ஆபத்தாகிறது. அது நான்கு வேறு நிலைகளை மூடிவைக்கிறது.

முதலாவது, போதையே இன்னும் நீங்காத நிலை. எழுப்பியும் எழாதவர், விட்டுவிட்டு மூச்சு விடுபவர், உடல் குளிர்ந்தவர் உறங்கவில்லை, நஞ்சேறிக் கிடக்கிறார். அவர் வாயில் மோரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கும். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் உடல்வெப்பம் மேலும் குறையும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைப்பதே செய்யத்தக்கது.

இரண்டாவது, மறுநாள் சோர்வு. இது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாக அடங்கும்.

மூன்றாவது, நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தும்போது வரும் நடுக்கம். சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைக் காணும் சித்தக்கலக்கம் நேரலாம். பேய் பிடித்தது என்று விபூதி பூசிக் காத்திருக்கும் வீடுகளில் இது உயிரைக் கொல்கிறது. மருத்துவமனையிலோ இது சிகிச்சைக்குக் கட்டுப்படும் நிலை.

நான்காவது, மெத்தனால் நஞ்சு. இதன் கொடுமை நேரக்கணக்கில் இருக்கிறது. உடல் மெத்தனாலைச் சிதைத்து ஃபார்மிக் அமிலமாக்கப் பல மணி நேரம் ஆகும். கடுமையான அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில்தான் வெளிப்படும். அதாவது, மறுநாள் சோர்வை எல்லோரும் எதிர்பார்க்கும் அதே நேரத்தில். தலைவலி, குமட்டல், வயிற்றுவலி எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பார்வை மங்குவதும், பனி மூடியதுபோல் தெரிவதும், மூச்சு வாங்குவதும் மட்டுமே வேறுபாடு. அந்த நேரத்தில் குடிக்கும் காலைக் குடி மெத்தனாலின் சிதைவைத் தள்ளிப்போட்டு நோயாளியை நலமானவர்போல் காட்டவும் கூடும். 2008 மே மாதம் பெங்களூரு, கோலார், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் எல்லையின் இருபுறமும் நூற்றுக்கும் மேற்பட்டோர் நச்சுச் சாராயத்தால் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பார்வையிழந்தோரும் உண்டு.

பழைய மருத்துவம் இந்த வேறுபாட்டின் தேவையை அறிந்திருந்தது. சுசுருதத்தின் உத்தரதந்திரம் குடியின் கேடுகளைப் பானாத்யயம், பரமதம், பானாஜீர்ணம், பானவிப்ரமம் என நான்காகப் பிரிக்கிறது. அப்பிரிவுகள் இன்றைய நான்கோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துவன அல்ல. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைக்கக் கூடாது என்னும் தெளிவு அங்கே இருந்தது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். குடித்தவருக்கு மீளும் வழி சொல்வது குடியை ஊக்குவிக்கும் என்பது முதலாவது. வலிப்பில் துடிப்பவரின் மனைவிக்கு எந்த எண்ணை அழைப்பது என்று சொல்வதால் எவரும் குடிக்கத் தொடங்குவதில்லை. கள்ளக்குறிச்சியில் கொன்றது சொல்வறுமையா, கள்ளச்சாராய வணிகமா என்பது இரண்டாவது. வணிகமும் அதைக் காத்தவர்களுமே குற்றவாளிகள். சொற்கள் அவர்களைத் தண்டிக்கமாட்டா. ஆனால் நஞ்சு உடலுக்குள் போன பிறகு மருத்துவமனை வாசலை அடையும் வரை கழியும் மணி நேரங்கள் குடும்பத்தின் கையில் இருக்கின்றன. அந்த மணி நேரங்களை ‘தெளியும்’ என்னும் சொல் தின்றுவிடுகிறது.

புட்டியின் மேலுள்ள எச்சரிக்கை இதற்கு உதவாது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அவ்வாசகம் ஆங்கிலத்தில் இருக்கலாம். மாநில அரசு விரும்பினால் மாநில மொழியில் இருக்கலாம். எல்லை தாண்டிய தமிழ்ச் சிற்றூருக்குத் தமிழில் எச்சரிக்கும் கட்டாயம் எவருக்கும் இல்லை. தமிழில் எழுதினாலும், உடலுக்குக் கேடு என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அறியாத செய்தி, எந்தக் கேடு காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதே.

கல்விப்புலம் இங்கே வழக்கமாகச் செய்வது ஒரு கலைச்சொல்லை உருவாக்கிக் கருத்தரங்கில் வாசிப்பது. இப்போது வேண்டுவது கலைச்சொல் அன்று, கேள்விகள். எழுப்பினால் எழுகிறாரா? கண் தெரிகிறதா? கை நடுங்குகிறதா? இந்த மூன்று கேள்விகளும் எந்த வட்டாரத் தமிழிலும், எழுதப்படிக்கத் தெரியாதவர் வாயிலும் நிற்கும். முதல் இரண்டில் ஒன்றுக்குத் தவறான விடை வந்தால் 108. நாள்தோறும் குடித்தவர் நிறுத்தியபின் மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால் மருத்துவமனை. மீண்டெழும் வழியைப் பேச 14416 என்னும் டெலி மானஸ் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சிற்றூர்களுக்குப் போகும் மாணவர்கள் வழக்கமான முழக்கத் தட்டிகளோடு இந்த மூன்று கேள்விகளையும் எடுத்துச் செல்லலாம்.

மூன்றுக்கும் நல்ல விடை வந்த பிறகு, கஞ்சி கொடுக்கலாம், மோர் கொடுக்கலாம், உறங்க விடலாம். அப்போது ‘காலையில் தெளிந்துவிடும்’ என்று சொல்வதிலும் பிழையில்லை.