நெருஞ்சிக்கு அஞ்சாத சக்கரம்

டியூப் இல்லாத சக்கரத்துக்கு மாறத் துடிக்கிறார்கள் பெங்களூரின் மலை சைக்கிள்காரர்கள். டயர் மீது காட்டும் கவனத்தில் பாதியை ரிம் மீது காட்டினால் பணமும் மிஞ்சும், எலும்பும் மிஞ்சும்.

மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு பூ. தரையோடு தரையாகப் படரும் செடி. பார்வைக்குப் பரம சாது. காய் முற்றி, காய்ந்து உடைந்து, முள்ளை நீட்டிக்கொண்டு மண்ணில் கிடக்கும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். தமிழில் நெருஞ்சி. கன்னடத்தில் நெக்கிலு. குறுந்தொகை காலத்திலிருந்தே நாம் அறிந்த இந்த முள், இன்று பெங்களூரில் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சைக்கிள் டயர்களைப் பதம் பார்க்கிறது.

நெருஞ்சி நம் ஊரோடு நிற்கவில்லை. கடல் தாண்டிப் போய் அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களிலும் வேர் பிடித்துவிட்டது. காயின் வடிவத்தைப் பார்த்து அங்கே அதற்கு 'ஆட்டுத் தலை' என்று பெயர். ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரத்தில் 2018லிருந்து சைக்கிள்காரர்கள் இதன் பெயரிலேயே ஒரு விழா நடத்துகிறார்கள். செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்து சேர்ப்பதும் அந்த விழாவின் ஓர் அங்கம்.

பெங்களூரில் எதிரிகள் இரண்டு. ஒன்று முள். மற்றொன்று பாறை. லால்பாக் தோட்டத்தில் குன்றாக நிற்கிறதே, அதே பழமையான பாறை இனம்தான் நகரத்தைச் சுற்றிலும் தலைகாட்டுகிறது. தெற்கே கனகபுரா சாலையை ஒட்டிய துரஹள்ளி, வடக்கே யெலஹங்கா பக்கத்து அவலஹள்ளி என்று மலை சைக்கிள்காரர்கள் நாடிப் போகும் காட்டு வழிகளில் செம்மண்ணும் சரளையும் பாறை விளிம்பும் மாறி மாறி வரும். பாறையில் வேகமாக மோதும்போது டயர் நசுங்கி, உள்ளே இருக்கும் டியூப் பாறைக்கும் ரிம்முக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்த தடம் போலவே இருப்பதால் இதற்குப் பெயரும் 'பாம்புக் கடி'தான்.

டியூபையே எடுத்துவிட்டால் கடிபட எதுவும் இல்லை. டயருக்குள் ரப்பர் பாலில் செய்த திரவத்தை 100 மி.லி. அளவு ஊற்றி வைத்தால், முள் குத்திய இடத்தில் அது ஓடி வந்து அடைத்துக்கொள்ளும். காற்றையும் குறைவாக வைக்கலாம். டியூபோடு 35 பவுண்டு அழுத்தம் வைத்து ஓட்டியவர் 25 பவுண்டுக்கு இறங்கினால், டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும், இடுப்புக்கும் இதம். இவ்வளவு நன்மை இருக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது?

பெங்களூரில் ஆசைக்குக் குறைவில்லை. டூர் ஆஃப் நீலகிரீஸ் என்ற நெடும் பயணம் 2008ல் இங்குள்ள ஆர்வலர்களால் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே கியர் சைக்கிள் மோகம் ஏறுமுகம்தான். கணினி நிறுவனத்தில் கைநிறையச் சம்பாதிக்கும் இளைஞர் நேராகக் கடைக்குப் போய் 'டியூப்லெஸ் ரெடி' என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும் டயரைக் கேட்கிறார். விலையைக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து பழைய ரிம்மில் மாட்டுகிறார். காற்று நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் திரவம் ஊற்றுகிறார். தரையெல்லாம் வெள்ளை வெள்ளமாகிறது.

அவர் மறந்த விஷயம் இதுதான்: டியூப்லெஸ் டயரால் தனியாக எதுவும் செய்ய முடியாது. காற்றைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பில் பெரும்பாதி ரிம்முடையது.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். வார்ப்படச் சக்கரம் உள்ள பைக்கில் டியூப் கிடையாது. ஸ்போக்ஸ் கம்பி போட்ட பைக்குகளில் பெரும்பாலும் டியூப் உண்டு. காரணம், கம்பிக்காகப் போட்ட ஒவ்வொரு துளையும் காற்றுக்கு ஒரு வாசல். சைக்கிள் ரிம்மில் இப்படி 28 அல்லது 32 வாசல்கள். ஜான் டன்லப் 1888ல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து நூறாண்டுக்கு மேல் சைக்கிள் உலகம் டியூபை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இந்த வாசல்கள் முக்கிய காரணம்.

1999ல் மாவிக் என்ற பிரெஞ்சு நிறுவனம், டயர் தயாரிப்பாளர்களான மிஷலின், ஹட்சின்சன் ஆகியோருடன் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தது. உட்சுவரில் துளையே இல்லாத ரிம். அதில் கச்சிதமாகப் பொருந்தும் டயர். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எடையும் அதிகம், விலையும் அதிகம். பிறகு 2001ல் அமெரிக்காவின் ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ் வேறு வழியில் வந்தது. துளைகள் இருந்துவிட்டுப் போகட்டும், மேலே காற்றுப் புகாத டேப்பை ஒட்டி மூடு, உள்ளே திரவத்தை ஊற்று. இன்று உலகம் பெரும்பாலும் பின்பற்றுவது இந்த வழியைத்தான்.

அப்படியானால் எல்லா ரிம்மிலும் டேப் ஒட்டினால் போதுமா? போதாது. டியூப்லெஸுக்கென்று செய்த ரிம்மின் குறுக்குவெட்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நடுவில் ஒரு பள்ளம். டயரை மாட்டும்போது மெக்கானிக்குகள் 'பீட்' என்று சொல்லும் அதன் ஓரக் கம்பி அந்தப் பள்ளத்தில் இறங்கி இடம் கொடுக்கும். பள்ளத்தின் இரு கரையிலும் தட்டையான திண்ணை. காற்றடித்ததும் பீட் 'டப்' என்ற சத்தத்தோடு திண்ணையில் ஏறி உட்காரும். திண்ணையின் உள் விளிம்பில் ஒரு சிறிய மேடு. ஏறி உட்கார்ந்த பீட் மறுபடி பள்ளத்துக்குள் சரியாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரன் அது. சாதாரண ரிம்மில் இந்தக் காவல்காரன் இருக்க மாட்டான்.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வீட்டு வாசலில் எதுவும் ஆகாது. துரஹள்ளி இறக்கத்தில் ஒரு வளைவில் சாய்ந்து திரும்பும்போது பீட் ஒரு கணம் விலகும். 'புஸ்' என்று காற்று வெளியேறும். முன் சக்கரத்தில் இது நடந்தால் ஓட்டுகிறவர் தரையில். காறை எலும்பு முறிவது சைக்கிள்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

ரிம் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது விட்டம். இஞ்ச் கணக்கை நம்பினால் ஏமாற்றம்தான். நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் '28 இஞ்ச்' சக்கரத்தில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. நவீன மலை சைக்கிளின் '29 இஞ்ச்' சக்கரத்தில் அது 622 மி.மீ.தான். 29ஐ விட 28 பெரியது! 26லும் இதே குழப்பம். மலை சைக்கிளின் 26க்கு 559 மி.மீ., '26 x 1 3/8' என்று எழுதிய சாதாரண சைக்கிளுக்கு 590. இடையில் வந்த 27.5க்கு 584. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 58-622 என்பது போல அச்சிட்டிருப்பார்கள். இரண்டாவது எண்தான் உண்மை பேசும். ரிம்மிலும் அதே எண் இருக்க வேண்டும்.

அடுத்தது உள் அகலம். ரிம்மின் இரு சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி இது. பழைய மலை சைக்கிள்களில் 19 மி.மீ. சர்வசாதாரணம். அதில் தடித்த டயரை மாட்டினால் மேலே பருத்து அடியில் சிறுத்து மின்சார பல்பு போல நிற்கும். காற்றைக் குறைத்தால் பக்கவாட்டில் ஆடும். இன்று 25 மி.மீ. ரிம்முக்கு 2.1 முதல் 2.4 இஞ்ச் டயரும், 30 மி.மீ. ரிம்முக்கு 2.3 முதல் 2.6 வரையும் பொருந்தும். அகலம் கூடக் கூட நல்லது என்று நினைத்து 35க்குப் போனால் 2.3 டயர் சதுரமாக விரிந்து, மெல்லிய பக்கச் சுவர் பாறைக்கு நேராக நிற்கும். பெங்களூர் காட்டு வழிகளுக்கு 25க்கும் 30க்கும் இடைப்பட்ட எதுவும் போதும்.

மூன்றாவது கொக்கி. சில ரிம்களின் சுவர் மேல் விளிம்பில் உள்நோக்கி ஒரு சிறு கொக்கி இருக்கும். சிலவற்றில் இருக்காது. மலை சைக்கிளுக்குக் கொக்கி இல்லாத ரிம்மும் சரிதான், ஏனென்றால் இங்கே அழுத்தம் குறைவு. ஆனால் அழுத்தத்துக்கு உச்சவரம்பு உண்டு. அகலமான ரிம்களில் அது 40 பவுண்டுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடலாம். ரிம்மில் ஒரு வரம்பும் டயரில் ஒரு வரம்பும் எழுதியிருந்தால் குறைந்ததே சட்டம். பெட்ரோல் பங்க்கில் அளவு பார்க்காமல் காற்றடித்தால் டயர் ரிம்மை விட்டு வெடித்து வெளியே வரலாம்.

பங்க்கைத் தவிர்ப்பதும் கஷ்டம். பீட் திண்ணையில் ஏற ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். கைப்பம்பு பல சமயம் தோற்றுப் போகும். பங்க் குழாய் கார் வால்வுக்கு ஏற்றது. டியூப்லெஸ் வால்வு பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வகை. நடுவில் திருகும் பித்தளை அடாப்டர் சட்டைப் பையில் இருந்தால் வேலை முடிந்தது. ரிம் வாங்கும்போது வால்வுத் துளையையும் பார்ப்பது நல்லது. பிரெஸ்டாவுக்கு 6.5 மி.மீ. துளை. 8.5 மி.மீ. துளையில் அதை நுழைத்தால் சுற்றிலும் கசியும்.

பிறகு, பணக்காரக் கேள்வி: அலுமினியமா, கார்பனா? கார்பன் இலகுவானது, விறைப்பானது, விலை பல மடங்கு. பாறையில் அடிபட்டால் அலுமினியம் நெளியும், கார்பன் விரிசல் விடும். நெளிந்த விளிம்பை ஓரளவு நிமிர்த்தி ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை முடிக்கலாம். விரிசல் விட்ட ரிம்மைக் கழற்றிப் போட வேண்டியதுதான். பந்தயத்தில் நிமிடக் கணக்குப் பார்க்காதவருக்கு இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் குறைவில்லாத தேர்வு. வாங்கும்போது இரு முனைகளும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே படி தட்டினால் பீட் சரியாகப் படியாது. கம்பித் துளைகளின் எண்ணிக்கை பழைய ஹப்போடு ஒத்துப்போக வேண்டும். ரிம் மாறினால் கம்பியின் நீளமும் மாறலாம். ஆக, சக்கரம் கோக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் பேசிவிட்டுப் பணத்தை எடுப்பது உத்தமம்.

மிச்சமிருப்பது மலிவான டேப். கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். ஒட்டும் முன் ரிம்மில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். வயரிங் வேலைக்கான இன்சுலேஷன் டேப் இதற்கு மாற்று ஆகாது. திரவமும் நிரந்தரம் அல்ல. ரப்பர் பால் உலர்ந்து பிசிராகிவிடும். பெங்களூரில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால் சென்னை, மதுரை வெயிலில் அதற்கு முன்பே.

இவ்வளவையும் படித்துவிட்டு 'நமக்கு வேண்டாம்' என்று முடிவெடுப்பவர்களும் புத்திசாலிகள்தான். மலை சைக்கிள் என்ற பெயரில் விற்கும் மலிவான வண்டிகளில் ஒற்றைச் சுவர் ரிம்தான் இருக்கும். திண்ணையும் கிடையாது, காவல்காரனும் கிடையாது. அதை டியூப்லெஸாக மாற்ற ஆகும் செலவு பாதி சைக்கிள் விலையைத் தொடும். அவர்களுக்குத் தடித்த டியூபும் சரியான காற்றும் போதும். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் எப்போதும் துணைக்கு இருக்கிறார்.

டியூப்லெஸ்காரருக்கு அந்தத் துணை சுலபத்தில் கிடைக்காது. பக்கச் சுவர் நீளமாகக் கிழிந்துவிட்டால் எந்தத் திரவமும் அடைக்காது. அப்போது வால்வைக் கழற்றிவிட்டு, கிழிசலுக்கு உள்ளே ஒரு தடித்த துண்டை வைத்து, சாதாரண டியூபைப் போட்டுத்தான் வீடு திரும்ப முடியும். எனவே எவ்வளவு உயர்ந்த ரிம் வாங்கினாலும் பையில் ஒரு டியூப் இருக்கட்டும். டியூப் போடும் முன் டயருக்குள் விரலை விட்டுத் தடவி, ஒட்டியிருக்கும் பழைய முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியவும் மறக்கக் கூடாது. திரவம் இவ்வளவு நாள் சத்தமில்லாமல் அடைத்து வைத்திருந்த நெருஞ்சிகள் அங்கே வரிசையாகக் காத்திருக்கும்.