யாருடைய முற்போக்குக் காலம்?

1911 மார்ச் 25. நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. வெளியேறும் கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள். ஊரே திரண்டு அழுதது. மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் தொழிலாளர் பாதுகாப்புக்காக முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. மகளிர் நாள் கூட்டங்களில் நாமும் இந்தக் கதையைச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 8 அன்று, அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் பக்கம் பேனர் என்ற நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 128 பேர் செத்தார்கள். இந்தப் பெயரை எந்தக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? நானும் வெகுகாலம் கேட்டதில்லை.

செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கருப்பர்கள். கூலிக்குச் சேர்ந்தவர்களும் அல்ல, கைதிகள். வேலை வெட்டி இல்லாமல் திரிந்தான் என்பது போன்ற சில்லறைக் குற்றம் சாட்டிப் பிடிப்பார்கள். அபராதம் கட்ட முடியாதவனைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும். அடிமை முறை ஒழிந்து 46 ஆண்டுகள் ஆன பிறகு நடந்த விபத்து இது. இந்தக் கைதிக் குத்தகையை அலபாமா 1928-ல்தான் கைவிட்டது.

இரண்டு விபத்துகளும் ஒரே நாட்டில், ஒரே மாத இடைவெளிக்குள், வரலாற்றுப் பாடநூல்கள் 'முற்போக்குக் காலம்' என்று பெயர் வைத்திருக்கும் அதே ஆண்டுகளில் நடந்தவை. 1890களிலிருந்து முதல் உலகப் போர் வரையிலான காலம் அது. கலப்பட உணவுக்குத் தடை, ஏகபோக முதலாளிகளுக்குக் கடிவாளம், குழந்தை உழைப்புக்கு எதிரான இயக்கம், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலங்கள் என்று பட்டியல் நீளும். எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு தோழர் இந்தப் பட்டியலை வாசித்துவிட்டு, "நிறப்பாகுபாடு மட்டும் அவர்களுடைய காலத்தின் குறை. மற்றபடி மகத்தான மனிதர்கள்" என்றார். அந்த 'மட்டும்' மீதுதான் எனக்குச் சண்டை.

ஏகபோகத்தை உடைத்தவர் என்று பெயரெடுத்த குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். 1901-ல் 140 கோடி டாலர் மூலதனத்துடன் தொடங்கிய யு.எஸ். ஸ்டீல், 1907 நிதி நெருக்கடியின்போது தெற்கிலிருந்த டென்னசி நிலக்கரி, இரும்பு நிறுவனத்தை விழுங்கியது. ரூசவெல்ட் குறுக்கே நிற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அந்த வியாபாரம் முடிந்தது. அந்த நிறுவனத்தின் சுரங்கங்களில் நிலக்கரி வெட்டியவர்களில் பலர் குத்தகைக் கைதிகள். கைமாறிய பிறகும் சில ஆண்டுகள் அவர்கள் அங்கேயே வெட்டினார்கள். நவீனத் தொழில்மயம் பழைய அடிமைத்தனத்தைக் கரைத்துவிடும் என்று நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா? பர்மிங்காமில் அது அடிமைத்தனத்துக்கு ரசீது போட்டு வாங்கிக்கொண்டது.

தேர்தல் சீர்திருத்தமும் அப்படித்தான். லஞ்சமும் முறைகேடும் இல்லாத தூய அரசியல் வேண்டும் என்று சொல்லித்தான் தென் மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனையும் தலைவரியும் கொண்டுவந்தார்கள். லூசியானாவில் 1896-ல் பதிவு செய்திருந்த கருப்பு வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-ல் 1,342 பேர். இதற்குப் பெயரும் சீர்திருத்தம்தான்.

வீட்டுக்குள் இப்படி இருந்தவர்கள் கடல் தாண்டியபோது என்ன செய்தார்கள்? 1898-ல் ஸ்பெயினைத் தோற்கடித்து போர்ட்டோ ரிக்கோவையும் குவாமையும் எடுத்துக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸுக்கு 2 கோடி டாலர் கொடுத்தார்கள், அங்கே வாழ்ந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அந்த மக்கள் ஏற்கெனவே ஸ்பெயினை எதிர்த்துப் போராடி விடுதலையை அறிவித்திருந்தவர்கள். 1899 பிப்ரவரியில் போர் மூண்டது. 1901-ல் சமார் தீவின் பாலங்கிகா ஊரில் அமெரிக்கப் படைமுகாம் தாக்கப்பட்டதற்குப் பழிவாங்க, பத்து வயதுக்கு மேல் ஆயுதம் தூக்கக்கூடிய எவரையும் கொல்லும்படி ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் உத்தரவிட்டார். இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை ஒரு கண்டிப்பு. ரூசவெல்ட் அவரை ஓய்வில் அனுப்பினார், அவ்வளவுதான். போரும் பஞ்சமும் காலராவும் சேர்ந்து 2 லட்சம் பொதுமக்கள் வரை செத்திருக்கலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்றுப் பிரிவே எழுதுகிறது.

உள்நாட்டு நிறவெறியும் வெளிநாட்டு ஆக்கிரமிப்பும் வேறு வேறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஹென்றி பில்லிங்ஸ் பிரவுன். 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில், ரயிலில் கருப்பருக்குத் தனிப் பெட்டி ஒதுக்குவது சமத்துவத்துக்கு விரோதமில்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி. 1901-ல் போர்ட்டோ ரிக்கோ தொடர்பான டவுன்ஸ் வழக்கில், புதிதாகப் பிடித்த தீவுகளுக்கு அரசியல் சட்டம் முழுசாகப் பொருந்தாது என்ற தீர்ப்பை அறிவித்தவரும் அவரே. அந்நிய இனத்தார், ஆங்கிலோ சாக்சன் முறைகள் இப்போதைக்கு அவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம் என்று காரணம் சொன்னார். பிளெஸ்ஸி தீர்ப்பு 1954-ல் சரிந்தது. டவுன்ஸ் வழியை உச்ச நீதிமன்றம் இன்றுவரை ரத்து செய்யவில்லை. போர்ட்டோ ரிக்கோவில் வாழும் அமெரிக்கக் குடிமக்கள் இன்றும் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாது.

ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர்கள் இருந்தார்களே என்பீர்கள். இருந்தார்கள். அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ், ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர். அவர் பயந்தது தீவுகளைச் சேர்த்துக்கொண்டால் பழுப்பு நிறத் தொழிலாளர்கள் உள்ளே வந்துவிடுவார்களே என்றுதான். சீனத் தொழிலாளர்களைத் தடுத்த 1882 சட்டத்தை நீட்டிக்கச் சொன்னதும் அவரே. வர்க்க ஒற்றுமை பேசுகிற வாயிலிருந்து வருகிற நாற்றம் நமக்கு ஒன்றும் புதிதில்லை.

சரி, காலத்தின் குறை என்ற வாதத்துக்கு வருகிறேன். அதே காலத்தில்தான் ஐடா பி. வெல்ஸும் இருந்தார். 1892-ல் மெம்பிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய அவருடைய நண்பரையும் வேறு இருவரையும் கும்பல் கொன்றது. வெள்ளைப் பெண்ணின் மானம் என்று சொல்லிச் செய்யப்படும் கொலைகளின் உண்மைக் காரணத்தை அவர் ஊர் ஊராக விசாரித்து, எண்ணிக்கை போட்டு எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகத்தை உடைத்தார்கள். ஆணவக் கொலைகளைக் கணக்கெடுக்கிற தோழர்களுக்கு அவர் முன்னோடி. 24ஆம் காலாட்படையின் கருப்புச் சிப்பாய் டேவிட் ஃபேகன் 1899-ல் படையை விட்டு விலகி பிலிப்பைன்ஸ் விடுதலைப் படையில் சேர்ந்தார். டு பாய்ஸ் இருந்தார். 1912-ல் ரூசவெல்ட் 'முற்போக்குக் கட்சி' என்றே பெயர் வைத்துக் கட்சி கண்டபோது, கருப்பர் உரிமைக்காக டு பாய்ஸ் எழுதிக்கொடுத்த தீர்மானத்தைச் சிகாகோ மாநாடு நிராகரித்தது. தென் மாநிலங்களின் கருப்புப் பிரதிநிதிகளுக்கு இருக்கை மறுத்தது. கேட்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை. கேட்டு, யோசித்து, மறுத்தார்கள்.

பிளெஸ்ஸி வழக்கில் ஒரேயொரு நீதிபதி மாறுபட்டார், ஜான் மார்ஷல் ஹார்லன். இந்த நாட்டில் சாதி கிடையாது என்று அவர் எழுதினார். அதே தீர்ப்பில், சீனர்கள் நம்மிலிருந்து அவ்வளவு வேறுபட்ட இனம், அவர்களுக்குக் குடியுரிமையே தருவதில்லை என்றும் எழுதினார். அவர்களில் சிறந்தவருக்கே எல்லை அதுவரைதான். 27 ஆண்டுகள் கழித்து, 1923-ல், அதே நீதிமன்றத்துக்கு நம் ஊர்ச் சாதியே நேரில் போய் நின்றது. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிக்குக் குடியுரிமை கேட்ட வழக்கில், அவர் உயர்சாதி ஆரியர், திருமண விஷயத்தில் நீங்கள் நீக்ரோவைப் பார்ப்பது போலத்தான் அவர்கள் இந்தியப் பூர்வகுடிகளைப் பார்க்கிறார்கள் என்று வாதம் வைத்தார்கள். வெள்ளையன் ஏற்கவில்லை. ஆனால் எந்தச் சீட்டைக் காட்டினால் கதவு திறக்கும் என்று நம் ஆட்கள் கணக்குப் போட்டார்கள் என்பதைப் பாருங்கள்.

1913-ல் உட்ரோ வில்சன் பதவியேற்றார். முற்போக்காளர் பட்டியலில் இன்னொரு பெரிய பெயர். அவருடைய அமைச்சர்கள் தபால் துறையிலும் கருவூலத்திலும் கருப்பு ஊழியர்களைத் தனி அறைக்கும் தனிக் கழிப்பறைக்கும் தள்ளினார்கள். அதே ஆண்டு கோடையில் 22 வயது அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க் வந்து இறங்கினார். ஜான் டூயியிடம் சனநாயகத்தைப் பயின்றார். 1946-ல் டு பாய்ஸுக்கு அவர் கடிதம் எழுதினார், கருப்பர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டார்.

வில்சன் பதவியேற்பதற்கு முந்தின நாள், மார்ச் 3 அன்று, வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலம் நடந்தது. வெல்ஸ் இல்லினாய் குழுவோடு நடக்க வந்திருந்தார். தென் மாநிலப் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள், முதலில் வாக்குரிமை கிடைக்கட்டும், நீங்கள் கடைசியில் கருப்புப் பெண்களோடு வாருங்கள் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் மறுத்தார். ஊர்வலம் புறப்பட்டபோது அவரைக் காணவில்லை, விலகிவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். பாதி வழியில், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து இறங்கி வந்து, இல்லினாய் வரிசையில் இரண்டு வெள்ளைப் பெண்களுக்கு நடுவில் சேர்ந்து நடந்தார்.