லைப்ரரி இருக்க மூளை எதற்கு?



போன விடுமுறையில் எங்கள் ஊர் நெல் மண்டி ஒன்றுக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். தொகையை ஆங்கில எழுத்தாலும் அச்சிட வேண்டும் என்றார்கள். அதற்கென்ன, பைத்தானில் 'நம்-டூ-வேர்ட்ஸ்' என்று ஒரு லைப்ரரி இருக்கிறதே! ஒரே வரியில் முடித்துக் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டேன்.

முதல் பில்லே ஒன்றரை லட்சம். 'ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தவுசண்ட்' என்று வந்தது. அடுத்தது 1,250 ரூபாய் 50 காசு. அது 'பாயிண்ட் ஃபைவ்' என்று முடிந்தது. கணக்குப்பிள்ளை கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "ஏன் தம்பி, லட்சம் எங்க போச்சு? காசு எங்க போச்சு? அது எப்படிப்பா இதை எழுதுது?"

மூணாம் வருஷ டிப்ளமோக்காரன் பேந்தப் பேந்த முழித்தேன்.

இது சின்ன விஷயமல்ல. காசோலையில் எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் வேறுபட்டால், எழுத்தால் எழுதியதே செல்லும். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-வது பிரிவு இது.

அன்றிரவு நானே எழுத உட்கார்ந்தேன். பூஜ்யம் முதல் பத்தொன்பது வரை 20 சொல். ட்வென்டி முதல் நைன்டி வரை 8. ஹண்ட்ரட், தவுசண்ட், லேக், குரோர் 4. ஆக 32, நம்ம பல் கணக்குதான்! எண்ணைக் கோடியால் வகு. மீதியை லட்சத்தால், பிறகு ஆயிரத்தால், நூறால். ஈவை அதே ஃபங்ஷனுக்குத் திருப்பி அனுப்பு. நூறுக்குள் வந்ததும் அட்டவணையைப் பார். அவ்வளவுதான்! காசைத் தனி முழு எண்ணாகப் பிரித்துக் கொடுத்தேன்.

பிறகுதான் லைப்ரரியின் கையேட்டைப் படித்தேன். மொழியை 'இந்திய ஆங்கிலம்' என்று குறித்தால் அதுவே லட்சம், கோடி போடுமாம்! தமிழில் எழுத 'ஓப்பன் தமிழ்' லைப்ரரியில் லட்சம்-கோடி முறைக்கு ஒன்று, மில்லியன் முறைக்கு ஒன்று என இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. எது வேண்டும் என்று நாம்தானே சொல்லணும்?

"ரெடிமேடா கிடைக்கிறப்ப ஏன் மெனக்கெடணும்?" என்பீர்கள். முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் அரத்தால் ராவி ராவிக் கை காய்த்ததே, மெஷின் கண்டுபிடிக்காததாலா? உலோகம் கைக்குப் புரிய வேண்டும் என்றுதானே!

லைப்ரரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடுங்கள் என்கிறேன். நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் இடத்திலும் ஒரு கணக்குப்பிள்ளை கண்ணாடியை இறக்கிக்கொண்டு காத்திருப்பார். அவருக்குப் பதில் சொல்லணுமே!