மெய் கூறுவார்க்குக் காப்பு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்க் கல்வெட்டுக்களைப் பற்றி நம்முட் கேளாதார் அரியர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் அவை பொறிக்கப்பெற்றன. வாரியத்தில் அமர்ந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் குடவோலைக்கு உரியரல்லர் என்பது அவற்றுட் கண்ட விதிகளுள் ஒன்று. பொதுப்பணி பூண்டவனே கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன்; கேட்பவன் அஞ்ச வேண்டுவதில்லை என்பதே அவ்விதியின் உட்கிடை.

ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்த இந்நாளில் நிலைமை எவ்வாறுளது? எல்லைப் பாதுகாப்புப் படையைச் சார்ந்த தேஜ் பகதூர் யாதவ் என்பார், 2017 ஜனவரியில், தமக்கு அளிக்கப்படும் உணவின் இழிநிலையைக் காணொளி வாயிலாக நாடறியச் செய்தார். அப்படை அதனை மறுத்தது. தன் உள்மன்றத்திலேயே அவரை விசாரித்து, அவ்வாண்டு ஏப்ரலில் பணியினின்றும் நீக்கியது. அவர் கூற்று முற்றும் மெய்யோ என ஆராய்தல் ஈண்டு என் நோக்கமன்று. குற்றஞ் சாட்டப்பெற்றவரே தீர்ப்புக் கூறுவோராயும் அமைதல் முறையாகுமோ என்பதே வினா.

படைக்கும் காவலுக்கும் கட்டுப்பாடே உயிர். ஒவ்வொருவரும் வெளிவந்து பேசின் ஒழுங்கு என்னாம் என்பர் சிலர். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும், உள்ளே கேட்பார் இல்லாதபோதன்றோ ஒருவன் வெளியே நின்று கூவுகின்றான்? அஞ்சாது சென்று முறையிடத்தக்க வாயில் ஒன்று, மேலதிகாரிகளின் கைக்குப் புறம்பாக இருக்குமாயின், கட்டுப்பாடும் கெடாது, மெய்யும் மறையாது.

அத்தகைய வாயில் இயலாததன்று என்பதற்குச் சாத்தான்குளம் சான்றாகும். 2020 ஜூனில் அவ்வூர்க் காவல் நிலையத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் தாக்கப்பெற்று, காவலிலேயே உயிர் துறந்தனர். தலைமைக் காவலர் ரேவதி, உடன்பணியாளர்க்கு அஞ்சிய நிலையிலும், தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் உரைத்தார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாதுகாப்பளிக்குமாறு ஆணையிட்டது. காப்பு இருந்தமையாலன்றோ அச்சான்று நிலைபெற்றது! ஆனால் நாடெங்கும் உள்ள ஒவ்வொரு காவலரையும் நீதிமன்றமே தேடி வந்து காத்தல் கூடுமோ?

இதன் பொருட்டன்றோ 2014-இல் பாராளுமன்றம் முறைகேடுகளை வெளிப்படுத்துவோர்க்கான பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது? முறையிட்டவர் இன்னார் எனக் காட்டிக்கொடுப்பவர்க்கு 3 ஆண்டுகள் வரை சிறை என்றும் அது விதித்தது. குடியரசுத் தலைவர் இசைவு தந்தும் அச்சட்டம் இன்றளவும் நடைமுறைக்குக் கொணரப்படவில்லை. ஏட்டில் எழுதிய காப்பு எவரையும் காவாது. அதனை உயிர்ப்பிக்குமாறு அரசினை வற்புறுத்தல், நாளை அரசுப்பணி பூணக் கருதும் மாணவராகிய நம் அனைவர்க்கும் கடனாகும்.

வேதாகமத்தில் ஆகாப் அரசனின் வரலாற்றைப் படித்திருக்கின்றோம். வெற்றி உறுதி என்று நானூறு பேர் கூற, மிகாயா ஒருவனே வரவிருந்த தீங்கை உரைத்தான். அவனைக் கன்னத்தில் அறைந்தனர். அரசன் சிறையிலும் இட்டான். எனினும், மிகாயாவைச் சிறையிட்டதனால் போர்க்களத்தில் ஆகாபை நோக்கி வந்த அம்பு விலகிற்றில்லை.