மையைப் பரப்பியது யார்?

அசையாத தண்ணீரில் ஒரு சொட்டு மை. சிறிது சிறிதாக நீரெங்கும் படர்கிறது. படரவிட்டவர் யார் தோழர்களே? எவருமில்லை! துகள்கள் முட்டி மோதித் திசையின்றித் திரிகின்றன. நெருக்கமான இடத்தைவிட்டு வெளியேறுபவை மிகுதி, உள்ளே நுழைபவை குறைவு. அவ்வளவுதான்.

பட்டப் படிப்பு மாணவருக்கு இது தெரியாதா என்போம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக் கழகத்தில் கார்வின்-டாக்சாஸ், கிளிம்கோவ்ஸ்கி எனும் இருவர், மாணவரைச் சொந்த நடையில் எழுதச் சொல்லிப் பார்த்தனர். 2008-இல் வெளியிட்டனர். சொல் இருந்தது, பொருள் இல்லை! தற்செயல் என்றால் வீண் அலைச்சல், உயிரோ திறமையாக இயங்குவது, ஆகவே உள்ளிருந்து ஏதோ ஒன்று ஓட்டவேண்டும் — பலருக்கு இதுவே எண்ணம். அந்தத் தவறுகளையே விடைகளின் வரிசையில் நிறுத்தி வினாத்தாள் ஆக்கினர் ஆய்வாளர்கள். மனப்பாடம் அங்கே எடுபடுமா?

மாணவரை நாம் ஏசவில்லை. விளக்கம் கேட்டு, புத்தக வரிக்கு மார்க்குப் போடும் தேர்வைத்தான் ஏசுகிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவனிடமும் அந்த மயக்கம் ஒளிந்திருக்கும்.

இருக்கட்டுமே என்று விடலாமா? வைரசைச் சந்திக்கும் முன்பே பாக்டீரியாக்கள் சிலவற்றில் எதிர்ப்பு தற்செயலாய்ப் பிறந்துவிடுகிறது என்று லூரியாவும் டெல்புரூக்கும் 1943-லேயே காட்டினர். தேவை கண்டு பிறப்பதல்ல அது. பிறந்தது பிழைக்கிறது, பெருகுகிறது. மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி வந்தது என்று, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையோடு நாம் போய்க் கேட்கப்போவது இந்த மாணவர்களைத்தான்.