இமையறுத்த துறவி

சென்ற வாரம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் விநோதமான ஐயம் ஒன்றுடன் என்னிடம் வந்தான். அவனும் அவன் தோழர்களும் விடுமுறை நாட்களில் மேசையைச் சுற்றியமர்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் ஆட்டமொன்றில் ஈடுபட்டிருக்கின்றனர். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலே தோன்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். வீரன், மந்திரவாதி என ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். 1975இல் துறவியும் அவ்வரிசையிற் சேர்ந்தார். நித்திரையையும் தியானத்தையுமே ஆற்றலாகக் கொண்ட புதுவகைத் துறவி ஒருவரைப் படைக்க நம் மாணவன் விரும்புகிறான்.

“அவர் உறங்காதிருப்பதால் வலிமை பெறுவாரா, உறங்குவதால் வலிமை பெறுவாரா, சேர்?” என்று கேட்டான்.

விளையாட்டுத்தானே என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

போதிதருமரின் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். தென்னிந்திய அரசரொருவரின் மூன்றாம் மகன் அவர் எனப் பழைய சீனக் குறிப்பொன்று கூறும். காஞ்சியிலிருந்து சென்ற பல்லவ இளவரசர் என்பது பிற்கால மரபு. சீனத்திலே ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கித் தியானத்தில் அமர்ந்திருந்த அவர், ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டாராம். விழித்ததும் தம்மீதே வெகுண்டு இமைகளை அறுத்தெறிந்தாராம். அவை வீழ்ந்த மண்ணில் முளைத்த செடியே தேயிலையாம். இது வெறுங் கதையே, கி.மு. 141இல் இறந்த சீனப் பேரரசர் ஜிங்கின் சமாதியிலேயே தேயிலை கண்டெடுக்கப்பட்டுள்ளது.

தேயிலை மலையிற் பிறந்த பிள்ளைகளுக்கு உவப்பாயிருக்கும் என எண்ணி, சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கதையை வகுப்பிற் சொன்னேன். விடாமுயற்சிக்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ என்றும் முழங்கினேன்.

அவ்வகுப்பில் கெட்டிக்காரியான மாணவி ஒருத்தி இருந்தாள். லயத்திலே ஒற்றை அறை. அதில் ஆறு பேர். தொலைக்காட்சி ஓய்ந்து அனைவரும் உறங்கிய பின்னரே அவளுக்குப் புத்தகம் கைக்கு வரும். கடுஞ்சாயத் தேநீரைக் குடித்துவிட்டு நள்ளிரவு கடந்தும் படிப்பாள். விடியுமுன் தாய் எழுந்து அடுப்பு மூட்டுவாள், மகளும் எழுந்துவிடுவாள். பரீட்சை மண்டபத்தில் அவளுக்குக் கண் இருண்டது. “எல்லாம் படித்ததுதான் சேர், ஒன்றும் நினைவில் வரவில்லை” என்று அழுதாள். அடுத்த முறை நன்றாகவே சித்தியெய்தினாள். ஆயினும் ஓராண்டு போயிற்று. அவ்விழப்பில் என் கதைக்கும் பங்குண்டு.

விழித்திருக்குந்தோறும் நம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தை அழைக்கிறது. தேநீரிலுள்ள கஃபீன் அவ்வழைப்பு நம் காதில் விழாமற் செய்கிறதேயன்றி, களைப்பைப் போக்குவதில்லை. கடன்காரனை வாசலிலே நிறுத்திவைக்கலாம், கடன் தீராது. மேலும், படித்ததைப் பதியச் செய்வதும் உறக்கமே. 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர் இருவரைப் பொருளற்ற அசைகளை மனனஞ் செய்வித்துச் சோதித்தனர். விழித்திருந்த நேரத்தின் பின்னரிலும், அதேயளவு நேரம் உறங்கியெழுந்த பின்னரே அவர்களுக்குக் கூடுதலாக நினைவிருந்தது.

தியானத்தில் உறங்கிய துறவி இன்னொருவரும் உளர். அவர் புத்தரின் தலைமைச் சீடருள் ஒருவரான மொக்கல்லானர். மகத நாட்டுச் சிற்றூரொன்றில் அவர் அமர்ந்தவாறே தூங்கி விழுவதைப் புத்தர் கண்டார், கடிந்துகொள்ளவில்லை. கற்றதைச் சிந்தி, ஓதிப் பார், காதைப் பிடித்து இழு, கண்ணை நீரால் கழுவி விண்மீன்களை நோக்கு, எழுந்து உலாவு என ஒவ்வொன்றாக வழி கூறினார். இவற்றாலும் உறக்கம் நீங்காவிடின், எழும் வேளையை மனத்திற் கொண்டு வலப்புறமாய்ப் படுத்து உறங்கு என்றார். அங்குத்தர நிகாயம் தரும் செய்தி இது. முயற்சி முதலில், அது பயன்படாதபோது உறக்கம், அவ்வுறக்கத்திலும் ஓர் ஒழுங்கு. இமையை அறுக்க வேண்டிய தேவையே இல்லை.

என் மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: “உன் துறவிக்கு உறங்காத வலிமையைக் கொடாதே. உரிய வேளையில் உறங்கி, உரிய வேளையில் எழவல்ல மனத்தைக் கொடு.”

மாணவருக்கு இவ்வாறு உபதேசிப்பது எளிது. ஆனால், ஒற்றை அறையில் வாழும் பிள்ளை வேறெப்போது படிப்பது? ஆகவே பெற்றோரிடம் ஒன்று வேண்டுகிறேன். மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை தொலைக்காட்சியை நிறுத்தி, வீட்டைச் சற்று அமைதியாக வைத்திருங்கள். அவ்விரண்டு மணி நேரம் கிடைத்தால், பிள்ளை பத்து மணிக்கு உறங்கப் போகலாம்.

முன்னாளில் இம்மலைகளில் விடியுமுன்னரே பெரட்டுத் தப்பு முழங்கி நம் மூதாதையரை எழுப்பிற்று. அவர்களுடைய நித்திரையைப் பிறர் பறித்தனர். நம் பிள்ளைகளின் நித்திரையை நாமே பறிக்கலாமா?