ஒரே கூட்டலில் அடங்காத தாய் மனம்

கைக்குழந்தைக்காரியிடம், "எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்டால், "ஒரு குறையும் இல்லை" என்றுதான் பதில் வரும். மும்பை தாராவியில் ஒற்றை அறைக் குடித்தனத்தில், மாமியாரும் கொழுந்தனும் அருகிலிருக்க, வேறு என்ன சொல்வாள்? நடுநிசியில் வீறிட்டு அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டும்போது, 'இந்தச் சனியன் ஏன் பிறந்தது' என்று ஒரு கணம் தோன்றியதை அவள் மூச்சு விடமாட்டாள். விடிந்ததும் அதே பிள்ளை சிரிக்க, அவள் கண் கலங்கியதும் உண்மைதான்.

பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் மனோதத்துவ நிபுணருமான வின்னிகாட், சாதாரணத் தாய் தன் குழந்தையை வெறுக்க 18 காரணங்களை 1949-லேயே எழுதிவைத்தார். தாய்மார்களைப் பழிப்பதற்காக அல்ல. அத்தனை வெறுப்பு மூண்டும் பிள்ளையைப் பழிவாங்காமல் வளர்க்கிறாளே என்றுதான் வியந்தார்.

சிக்கல் இதை அளப்பதில் இருக்கிறது. 1987-ல் வெளியான எடின்பரோ வினாத்தாளில் 10 கேள்விகள். கடந்த 7 நாட்களில் தாயின் மனநிலை எப்படி என்று கேட்டு 30-க்கு மார்க் போடுகிறது. மனச்சோர்வு நோயை அடையாளம் காண நல்ல கருவி. ஆனால் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு கேள்விகூட இல்லை.

1995-ல் பெர்ரி, ஜோன்ஸ் என்ற இருவர் வெளியிட்ட பெற்றோர் நெருக்கடி அளவுகோலின் 18 வாக்கியங்களில் மகிழ்ச்சியும் உண்டு, சுமையும் உண்டு. ஆனால் மகிழ்ச்சிக்குரிய மார்க்கைத் தலைகீழாக்கி, எல்லாவற்றையும் ஒரே கூட்டலில் சேர்த்துவிடுகிறார்கள். பிள்ளைமீது உயிரையே வைத்து, அதனாலேயே நொந்தும் போகிறவளுக்கும், இரண்டுமே அதிகமில்லாதவளுக்கும் ஒரே நடுத்தர மார்க் விழலாம். கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கு இது சட்டென்று விளங்கும். வரவில் செலவைக் கழித்து மிச்சத்தை மட்டும் பேரேட்டில் பதிந்தால், கடையில் எவ்வளவு வியாபாரம் நடந்தது என்று யார் அறிவார்? தாயின் கணக்கிலும் இரண்டு பத்திகள் தனித்தனியே வேண்டும்.

ஊரிலிருந்தால் பெற்ற தாயோ பக்கத்து வீட்டு அத்தையோ ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். பிழைக்க வந்த இடத்தில் கணவனுக்கு நைட் ஷிப்ட். நர்ஸ் பேசுவதோ மராத்தி. 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசிக்காக அவள் எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். அன்று பிள்ளையை மட்டும் எடைபோட்டு அனுப்பாமல், அவளையும் தனியே உட்காரவைத்து, தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைக் கொண்டு இரண்டையும் கேட்கலாம். அந்தப் பத்து நிமிஷம் கணவன் பிள்ளையோடு வராந்தாவில் நிற்கட்டும்.